யார் பிள்ளைக்கு இரட்டை வேகம்? யார் பிள்ளைக்கு அரை வேகம்?

திருவான்மியூர் குப்பத்தில் பொழுது விடியுமுன் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, கரையேறும் படகுகளின் என்ஜின் சத்தம். மற்றொன்று, நாலு தெரு தள்ளி மாடி வீடுகளின் வாசலில் வந்து நிற்கும் வேனின் ஹாரன் சத்தம்.

படகில் தகப்பன் வருகிறான். வலையிலிருந்து மீனைப் பிரித்துப் போட மகன் கரையில் காத்து நிற்கிறான். ஏலம் முடிந்து, கூடையைத் தாயின் தலையில் ஏற்றிவிட்ட பிறகுதான் அவன் பள்ளிக்கூடம் போகவேண்டும். அவனுக்கு வயது பதின்மூன்று. வேனில் ஏறுகிற பிள்ளைக்கும் அதே பதின்மூன்றுதான். அவன் படிப்பது எட்டாம் வகுப்பு. அவன் மடியில் இருப்பதோ பதினோராம் வகுப்புப் பௌதிகப் புத்தகம்!

இருவரும் ஒரே கடற்காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஒரே வார்டில் குடியிருக்கிறார்கள். ஆனால் ஒருவனுக்குப் படிப்பு இரட்டை வேகத்தில் ஓடுகிறது. மற்றவனுக்கு அரை வேகத்தில் நகர்கிறது. இந்த வேகங்களை நிர்ணயித்தது யார்? மூளையா? பிறப்பா? பணமா?

"ஐ.ஐ.டி.யாவது, நுழைவுத் தேர்வாவது! நம்முடைய பிரச்னை கூலி, போனஸ், நிலம்" என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. போராடிப் பெற்ற கூலி உயர்வும், மழையில் நாற்று நட்டுச் சேர்த்த காசும் இன்று எங்கே போகின்றன? சாராயக் கடைக்குப் போவது ஒரு பங்கு என்றால், படிப்புக் கடைக்குப் போவது இன்னொரு பங்கு. "என் பிள்ளையாவது இந்தத் தறியடியில் நிற்கக் கூடாது" என்ற தொழிலாளியின் ஏக்கத்தையே சரக்காக்கி விற்கிறான் வியாபாரி. அந்த ஏக்கம் நியாயமானது. அந்த வியாபாரம் அநியாயமானது. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

துரிதப் பள்ளி என்னும் சரக்கு

பட்டணத்தின் பெரிய சாலைகளில் பலகைகளைப் பாருங்கள். "ஆறாம் வகுப்பிலிருந்தே ஐ.ஐ.டி. அஸ்திவாரம்!", "பள்ளியும் பயிற்சியும் ஒரே கூரையில்!" ஒன்பதாம் வகுப்பிலேயே பதினொன்றின் பாடம், பதினொன்றுக்கு வருமுன் பன்னிரண்டின் பாடம், பிறகு இரண்டு வருஷம் ஓயாத பரீட்சை, பரீட்சை, பரீட்சை! இதற்குப் பெயர் துரிதக் கல்வி. விலை லட்சக்கணக்கில்.

இது திடீரென்று முளைத்ததல்ல. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்துத் தொழிற்கல்லூரியில் இடம் கொடுத்த காலத்திலேயே, நமது மாநிலத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்பு என்பது ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது. பிள்ளைகளை அந்த வகுப்பில் உட்கார வைத்து, பன்னிரண்டின் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போடச் செய்தார்கள். மாநில முதலிடம், ஜில்லா முதலிடம் என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம்! இந்த மோசடிக்குப் பூட்டுப் போடத்தான் 2017-ல் சர்க்கார் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத் தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பாரம் என்பது உண்மைதான். ஆனால் பூட்டைக் கழற்றும்போது காவல்காரனை நிறுத்தவேண்டாமா? பதினோராம் வகுப்பில் பதினோராம் வகுப்புப் பாடம்தான் நடக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது?

மத்திய சர்க்கார் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்கிறது அது. நல்லது! ஆனால் வியாபாரிக்கு வழியா தெரியாது? பயிற்சி மையம் என்ற பலகையைக் கழற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் என்ற பலகையை மாட்டிக்கொண்டால் போதும். பலகை மாறும், பணப்பெட்டி மாறாது.

ஆலைத் தொழிலாளிக்கு வேகம் என்றால் என்ன என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆள் இரண்டு தறி பார்த்த இடத்தில் நாலு தறி பார்க்கச் சொன்னபோது, "விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, வேகம் கூடிவிட்டது" என்றுதான் முதலாளி சொன்னான். வேகம் கூடியதால் வந்த லாபம் யாருக்கு, இடுப்பொடிந்தது யாருக்கு என்று நாம் கேட்டோம். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

ஒன்பது மணி நேரச் சட்டம்

1881-ல் வெள்ளைக்கார சர்க்கார் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏழு வயது நிரம்பிய குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்கலாம். நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இதுதான் அந்தச் சட்டம் காட்டிய கருணை! அதைப் படித்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது. விடுதலைக்குப் பின் வந்த 1948-ம் வருஷத்துச் சட்டம் பதினாலு வயதுக்குக் கீழே ஆலை வேலையே கூடாது என்றது. பதினாலு முடிந்து பதினைந்து நிரம்பாத பிள்ளைக்கு நாலரை மணி நேரம்தான் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பு தானாக வரவில்லை. எத்தனையோ வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு வந்தது.

இப்போது பணம் கட்டித் துரிதப் பள்ளியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் நாளைப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். இரவு பத்து மணிக்கு விளக்கணையும். சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் போக, குனிந்த தலை நிமிராமல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு. விளையாட்டு மணியில் கணக்கு. ஓவிய மணியில் ரசாயனம். தமிழ் பாஸானால் போதும். வாரந்தோறும் பரீட்சை; பரீட்சை முடிந்ததும் மார்க் வரிசைப்படி வகுப்பு மாற்றம். ஆலையில் கூட ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும். இங்கே சங்கும் இல்லை, சங்கமும் இல்லை!

1881-ம் வருஷத்து ஆலைக் குழந்தையின் வேலை நேரத்தைவிட இன்றைய துரிதப் பள்ளிப் பிள்ளையின் வேலை நேரம் அதிகம். அந்தக் குழந்தைக்காவது நாலு காசு கூலி கிடைத்தது. இந்தப் பிள்ளையின் தகப்பன் பணம் கொடுத்து வேலை வாங்கச் சொல்கிறான். ராஜஸ்தானத்தில் கோட்டா என்ற ஊர் இந்தப் பயிற்சி வியாபாரத்தின் தலைநகரம். அங்கே 2023-ம் வருஷத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அறைகளில் மின்விசிறிக்கு ஸ்பிரிங் மாட்டும்படி ஜில்லா நிர்வாகம் உத்தரவு போட்டது. பிள்ளைகளை நசுக்குகிற பாரத்தைக் குறைக்கவில்லை, விசிறியைத் திருத்தினார்கள்!

ஆகையால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். வேனில் ஏறிப்போகிற அந்த மாடிவீட்டுப் பிள்ளை நமக்கு எதிரி இல்லை. அவனும் பிழியப்படுகிற பிள்ளைதான். அவன் பாலப் பருவத்தைப் பிழிகிறார்கள்; குப்பத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பறிக்கிறார்கள்.

அரை வேகத்தின் கதை

நம் பிள்ளைகளுக்கு அரை வேகம் எப்படி வந்தது? அதற்கும் சரித்திரம் உண்டு.

1953-ல் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்த ராஜகோபாலாச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளியில் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம் போதும். மீதிப் பொழுதில் தகப்பனின் தொழிலைப் பழகட்டும் என்றார். சவரத் தொழிலாளி மகன் கத்தியைப் பழக, பண்ணையாள் மகன் ஏரைப் பழக, வக்கீல் மகன் எதைப் பழகுவான் என்று நாடு கேட்டது. குலக் கல்வி என்று அதற்கு ஜனங்களே பெயர் வைத்தார்கள். எதிர்ப்புப் புயலில் 1954-ல் அவர் பதவி விலக, காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் பகலுணவுத் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. கஞ்சிக்கு அலைந்த பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பினார்கள்.

அன்று கிழித்தெறிந்த திட்டம் இன்று வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. எந்த உத்தரவும் போட வேண்டியதில்லை. கிராமத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும். ஒரே வாத்தியாரிடம் மூன்று வகுப்பை ஒப்படைத்தால் போதும். ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தால் போதும். நம் பிள்ளை ஐந்து மணி நேரம் பள்ளியில் உட்கார்ந்திருந்தாலும் பாடம் நடப்பது இரண்டரை மணிதான். அதுவே அரை வேகம்!

ஒரு கையால் நம் பிள்ளையின் காலைக் கட்டுவது. மறு கையால் காசுள்ளவன் பிள்ளைக்கு மோட்டார் மாட்டிக் கொடுப்பது. பிறகு இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி "ஓடுங்கள், தகுதியுள்ளவன் ஜெயிப்பான்" என்று விசில் ஊதுவது! இதுதான் இவர்கள் சொல்லும் தகுதி, திறமை.

மதிலுக்கு அந்தப் பக்கம்

திருவான்மியூர் ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் தரமணி. அங்கே கணித விஞ்ஞான நிறுவனம் இருக்கிறது, 1962-ல் தோன்றியது. அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் ஐ.ஐ.டி.யின் மதில். 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டிக் காட்டுப் பகுதியில் பொது நிலத்தில் எழுந்த கல்விக்கூடம் அது. அறுநூறு ஏக்கருக்கு மேல் பரப்பு. மான்கள் மேயும் காடு, ஆய்வுக்கூடங்கள், நூலகம், விடுதிகள். அந்த வளாகத்துக்குள்ளேயே வனவாணி, கேந்திரிய வித்யாலயா என்று இரண்டு பள்ளிக்கூடங்களும் உண்டு. பேராசிரியர் நடமாடும் நிழலில், பெரிய படிப்பின் வாசலிலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிகள் மேல் நமக்குப் புகார் எதுவும் இல்லை. சர்வகலாசாலையின் காற்று பள்ளிக்கூடத்தின் மேல் வீசினால் பிள்ளை எப்படி வளரும் என்பதற்கு அவை சாட்சி. அந்தக் காற்று மதிலோடு ஏன் நிற்கவேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

அந்த மதிலைக் கட்டியது யார்? கொத்தனாரும் சித்தாளும். அந்த விடுதிகளில் சமைப்பதும் பெருக்குவதும் காவல் நிற்பதும் யார்? நம் வர்க்கத்து ஆணும் பெண்ணும். அந்த ஆய்வுக்கூடங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நாம் கொடுக்கும் வரியிலிருந்து! கட்டியவன் நாம், காப்பவன் நாம், காசு கொடுப்பவன் நாம். உள்ளே படிப்பவன் யார்?

உள்ளே போய்விட்டால் ஏழைப் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணமே இல்லை. இது போராடிக் கிடைத்த உரிமை, மறுக்கவில்லை. ஆனால் சுங்கச் சாவடி வாசலுக்கு வெளியே அல்லவா இருக்கிறது! ஐந்தாறு வருஷம் துரிதப் பள்ளிக்கு லட்சம் லட்சமாய்க் கொட்டியவனோடு போட்டி போட்டு வாசலைத் தொடவேண்டும். தொட்ட பிறகல்லவா சலுகை?

இன்னொரு அநியாயத்தைக் கேளுங்கள். ஐ.ஐ.டி.க்கு இரண்டு கட்டமாக நுழைவுத் தேர்வு. முதல் கட்டத் தேர்வின் கேள்வித்தாள் 2021 முதல் தமிழிலும் கிடைக்கிறது. வாசலைத் திறக்கும் இரண்டாம் கட்டத் தேர்விலோ இங்கிலீஷும் இந்தியும் மட்டுமே! தமிழ்வழியில் பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளையை முதல் படியில் "வா" என்று கூப்பிட்டு, இரண்டாம் படியில் "உன் பாஷை இங்கே செல்லாது" என்கிறார்கள். தமிழ்நாட்டின் மண்ணில் நிற்கும் கல்விக்கூடத்தில், தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்குக் கேள்வித்தாளே கிடையாது! கணக்குக்குப் பாஷை ஏது என்று பண்டிதர்கள் சொல்வார்கள். அப்படியானால் தமிழில் அச்சடிப்பதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்?

நல்ல விதை, யார் வயலில்?

"அப்படியானால் துரிதக் கல்வியே வேண்டாம், கெட்டிக்காரப் பிள்ளையும் மெதுவாகவே போகட்டும் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை! விதை நல்லதாக இருக்கலாம். அது யார் வயலில் விழுந்தது என்பதைப் பார்க்கவேண்டும்.

நம் பக்கத்து அடையாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய டாக்டர் அம்மையார் 1939-ல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளை தன் போக்கில் தொட்டு, பிரித்து, அடுக்கிப் படிக்கும் முறை அவருடையது. அந்த முறை எங்கே பிறந்தது தெரியுமா? 1907-ல் ரோமாபுரியில், சான் லொரென்சோ என்ற தொழிலாளர் சேரியில். வேலைக்குப் போன தாய் தகப்பன்மார் விட்டுப்போன குழந்தைகளுக்காகப் பிறந்தது! இன்று அதே பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகளின் வாசலில் கார்கள் நிற்கின்றன. கட்டணம் கேட்டால் தலை சுற்றுகிறது. சேரிக் குழந்தைக்காகக் கண்டுபிடித்த முறையைச் சேரிக் குழந்தையால் வாங்க முடியவில்லை!

துரிதக் கல்வியும் அப்படித்தான். சர்வகலாசாலையே நடத்தும் துரிதப் பள்ளி வேறொரு நாட்டில், வேறொரு நோக்கத்தோடு நடந்த கதையைக் கேளுங்கள்.

1963-ல் சோவியத் யூனியனில் மாஸ்கோ, லெனின்கிராட், கீவ், நோவோசிபிர்ஸ்க் ஆகிய நகரங்களில் சர்வகலாசாலைகளோடு சேர்ந்த கணித, பௌதிக விடுதிப் பள்ளிகளை சர்க்கார் திறந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகள் அங்கே தங்கி, சர்வகலாசாலைப் பேராசிரியர்களிடமே பாடம் கேட்டார்கள். மாஸ்கோ பள்ளியை நிறுவியவர்களில் ஒருவர் கொல்மகோரவ். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளில் ஒருவர். அவரே வாரந்தோறும் வந்து, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் பாடம் சொன்னார். அந்த விடுதி யாருக்காக? தலைநகரத்துப் பெரிய மனிதர் பிள்ளைகளுக்காக இல்லை. நல்ல பள்ளிக்கூடம் இல்லாத தூரத்துச் சிற்றூர்களிலும் கிராமங்களிலும் இருந்து வந்த பிள்ளைகளுக்காக! கணக்கோடு இசையும் இலக்கியமும் மலையேற்றமும் அங்கே உண்டு. பிள்ளையை மார்க் காய்க்கும் மரமாக அவர்கள் நினைக்கவில்லை.

சைபீரியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கணக்குப் புதிர்களைப் பத்திரிகைகளில் அச்சிட்டார்கள். பனிக்காட்டுக் கிராமத்தில் இருக்கும் பிள்ளை விடையைத் தபாலில் அனுப்பலாம். நன்றாகச் செய்தவனைக் கோடைப் பள்ளிக்கு அழைத்தார்கள். அங்கே விஞ்ஞானிகளோடு பழகியவர்களிலிருந்து விடுதிப் பள்ளிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1964-ல் கெல்ஃபாண்ட் என்ற மற்றொரு கணித மேதை மாஸ்கோவில் தபால் வழிக் கணிதப் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளை கணக்கைப் போட்டு அனுப்பும்; சர்வகலாசாலை மாணவர்கள் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். கடிதம் போகிற ஊரெல்லாம் சர்வகலாசாலையும் போயிற்று!

அங்கே எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெருநகரங்களின் சிறப்புப் பள்ளிகளில் படித்தவர் வீட்டுப் பிள்ளைகளே நிறைகிறார்கள் என்ற குறை அந்த நாட்டிலேயே எழுந்தது. 1991-ல் அந்த யூனியனே கலைந்தது. ஆனாலும் கொல்மகோரவின் பள்ளி அவர் பெயரோடு மாஸ்கோ சர்வகலாசாலையின் அங்கமாக இன்றும் நடக்கிறது. பாடம் இதுதான்: வேகமாய் ஓடக்கூடிய பிள்ளையைத் தேடி சர்வகலாசாலை கிராமத்துக்கு இறங்கி வரலாம். இங்கே என்ன நடக்கிறது? பிள்ளை சர்வகலாசாலையைத் தேடிப் போகிறது. நடுவிலே தரகன் உட்கார்ந்திருக்கிறான்!

ராமானுஜன் பெயரில் கடை

ஒவ்வொரு பயிற்சிக் கடையிலும் ஸ்ரீனிவாச ராமானுஜனின் படம் தொங்குகிறது. "உங்கள் பிள்ளையும் ராமானுஜன் ஆகலாம்!" அடேயப்பா! ராமானுஜனின் கதையை இவர்கள் படித்ததுண்டா?

கும்பகோணத்து ஏழைக் குடும்பம். துணிக்கடைக் குமாஸ்தாவின் மகன். கணக்கில் அவன் ஓடிய வேகத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஆனால் மற்றப் பாடங்களில் தேறாததால் கல்லூரி அவனை வெளியே தள்ளியது. இன்றைய துரிதப் பள்ளியில் சேர்ந்திருந்தால், முதல் வாரப் பரீட்சையிலேயே கடைசி வகுப்புக்கு அனுப்பியிருப்பார்கள்! 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு அமர்ந்து வயிற்றைக் கழுவினான். 1913-ல் சென்னை சர்வகலாசாலை தன் சட்டதிட்டங்களைச் சற்று ஒதுக்கிவைத்து, மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதுதான் அவனை வாழவைத்தது. ராமானுஜனை உண்டாக்கியது எந்தக் கடையும் இல்லை. சர்வகலாசாலை கதவைத் திறந்தது, அவ்வளவே. ஒரு ராமானுஜனுக்குக் கதவு திறக்கப் பத்து வருஷம் பிடித்தது. திறக்காமலே போன கதவுகளின் முன்னால் எத்தனை ராமானுஜன்கள் நின்று திரும்பினார்கள், யார் கண்டது?

ஜில்லாவுக்கு ஒன்று போதுமா?

"அதற்குத்தான் மாநில சர்க்கார் மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கியிருக்கிறதே!" என்பார்கள். உண்மைதான், நேர்மையாக ஒப்புக்கொள்கிறோம். 2021-ல் சில ஜில்லாக்களில் தொடங்கி, பிறகு எல்லா ஜில்லாக்களுக்கும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகள் வந்தன. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் இலவசமாகத் தங்கிப் படிக்கிறார்கள். கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் அங்கிருந்து ஐ.ஐ.டி.க்குள்ளும் போயிருக்கிறார்கள். 2022-ல் ஐ.ஐ.டி.யும் "அனைவருக்கும் ஐ.ஐ.டி.எம்" என்று சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கார் பள்ளியில் படித்தோருக்குத் தொழிற்படிப்புகளில் ஏழரை சதவிகித ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல் முதலியவற்றுக்கு 2021-லும் வந்தது. இவை யாவும் நல்ல காரியங்கள். இவற்றைக் குறை சொல்லி மாடிவீட்டானின் வாய்க்கு அவல் போட நாம் தயாரில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஜில்லாக்கள் 38. சர்க்கார் பள்ளிகளோ முப்பத்தேழாயிரத்துக்கும் மேல்! ஜில்லாவுக்கு ஒரு நல்ல கிணறு வெட்டிவிட்டு, மற்ற ஊரெல்லாம் குட்டைத் தண்ணீர் குடிக்கட்டும் என்றால் ஏற்போமா? மாதிரி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? இதைப் பார்த்து மற்றதெல்லாம் இதைப் போலச் செய் என்பதுதானே! மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்சி நடத்தினால் அது மாதிரி ஆகாது, பொம்மை ஆகிவிடும்.

இன்னொரு அபாயமும் உண்டு. சிற்றூர்ப் பள்ளியில் நன்றாகப் படிக்கிற நாலு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனால், மிச்சமிருக்கிற நாற்பது பிள்ளைகளுக்கு யார் துணை? "கெட்டிக்காரர்களெல்லாம் போய்விட்டார்கள், நாம் மண்டூகங்கள்" என்று பதினாலு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி நினைத்துவிட்டால் அந்தக் காயத்தை யார் ஆற்றுவது? பொறுக்கி எடுக்கிற முறை எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், பொறுக்காமல் விட்டவர்களுக்கு நல்ல வாத்தியாரும் ஆய்வுக்கூடமும் கிடைத்தால்தான் அது நியாயம்.

நம் கோரிக்கைகள்

ஆகவே திட்டவட்டமாகக் கேட்போம்:

ஒன்று: ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வின் இரண்டு கட்டங்களுக்கும் தமிழில் கேள்வித்தாள் வேண்டும்.

இரண்டு: தரமணி, கிண்டி, அடையாறு வட்டாரத்தில் பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆராய்ச்சி நிலையமும், தன் ஆய்வுக்கூடத்தை விடுமுறை நாட்களில் சுற்றுவட்டாரத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். இலவசமாக! பரீட்சை வைத்துப் பொறுக்காமல், வருகிற பிள்ளைகளையெல்லாம் உள்ளே விட்டு!

மூன்று: தபால் வழியில் அன்று சைபீரியா செய்ததை, கைப்பேசி வழியில் இன்று தமிழில் செய்யலாம். நாகப்பட்டினத்து வயல்வெளிப் பிள்ளை போட்ட கணக்கைக் கிண்டியில் இருக்கும் மாணவன் திருத்தி அனுப்பட்டும்.

நான்கு: காலியாகக் கிடக்கும் கணக்கு, விஞ்ஞான ஆசிரியர் இடங்களை உடனே நிரப்ப வேண்டும். மாதிரிப் பள்ளியின் வாத்தியாரும் ஆய்வுக்கூடமும் படிப்படியாக எல்லா மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வர வேண்டும்.

ஐந்து: பள்ளி என்ற பெயரில் பயிற்சிக் கடை நடத்துவோரைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும். பிள்ளைக்கும் வேலை நேர வரம்பு வேண்டும்!

சங்கம் என்ன செய்யவேண்டும்?

சர்க்காரைக் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டிடங்கள் எத்தனை! ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, பட்டம் படித்து வேலை தேடும் நம் தோழர்களின் பிள்ளைகள் இரண்டு பேர். இது போதாதா ஒரு இரவுப் பள்ளிக்கு? கடன் வாங்கியும் தாலியை அடகு வைத்தும் துரிதப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கத் துடிக்கும் தொழிலாளித் தோழரே, சற்று நில்லுங்கள்! அந்தக் கடையை நம்பி மோசம் போனவர்களைக் கேளுங்கள். 2025 ஜனவரியில் வட இந்திய நகரங்களில் ஒரு பெரிய பயிற்சி நிறுவனத்தின் கிளைகள் திடீரென்று மூடிக்கொண்டன. முன்பணமாக லட்சங்களைக் கட்டிய பெற்றோர்கள் பூட்டிய கதவின் முன்னால் நின்றார்கள். தனித்தனியாய்க் கடனாளி ஆவதைவிட, ஒன்றாய்ச் சேர்ந்து நல்ல பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்குவது மேல். தனி ஆளாய்ப் போய்க் கூலி உயர்வு வாங்கிய தொழிலாளி எவனாவது உண்டா?

இந்தக் கடற்கரையே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. 1860-ல் மயிலாப்பூர் பக்கத்து அயோத்தியா குப்பத்தில் ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் தோழர் சிங்காரவேலர். படித்தார், வக்கீலானார். படித்த படிப்பை ஏணியாக்கி ஏறி, ஏணியை மேலே இழுத்துக்கொள்ளவில்லை. 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் செங்கொடியை ஏற்றினார். வீடு நிறையப் புத்தகம் சேர்த்தார். வான சாஸ்திரத்தையும் பௌதிகத்தையும் பாமர மக்களுக்குப் புரியும் தமிழில் எழுதினார். விஞ்ஞானம் தொழிலாளியின் சொத்து என்று நம்பினார்.

அதே கடற்கரையில் இன்று வலை பிரிக்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளை நிற்கிறான். அவனுக்கு யார் தயவும் வேண்டாம். அவன் காலில் கட்டிய கயிற்றை அவிழ்த்தால் போதும்; ஓட அவனுக்குத் தெரியும்.

எல்லாப் பிள்ளைக்கும் முழு வேகம்! எல்லாப் பள்ளிக்கும் ஆய்வுக்கூடம்! மதிலைத் திற! கதவைத் திற!

வயலிலும் ஆலையிலும் குப்பத்திலும் இந்தக் குரல் எழும்பட்டும், தோழர்களே!